குறட்டை விடும் ஒற்றன்

குறட்டை விடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. தங்களுக்குக் குறட்டையே கிடையாது என்று அடித்துச் சொல்வார்கள்.

இந்த ஒரே காரணத்தால், கோயம்புத்தூர் கணபதியில் இருந்த அறிதுயில் தலையணைக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. தலையணையில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே ஒரு காற்றுப்பை, ஒரு சின்னக் காது. சத்தம் கேட்டதும் பை ஒரு பக்கமாக மெல்ல உப்பும். தூங்குகிறவரின் தலை அவருக்கே தெரியாமல் மறுபக்கம் சாயும். குறட்டை நின்றுவிடும். வாங்கிய வீடுகளில் எல்லாம் அமைதிதான். வாங்க வைப்பதுதான் பாடாக இருந்தது.

2044-இல் ஒரு கம்பெனியைத் தேடி ஆள் வருவதற்கு இரண்டே வாசல்கள் இருந்தன. ஒன்று தேடன் என்ற தேடல் இயந்திரம். பல் பிடுங்க வேண்டுமா, பந்தல் போட வேண்டுமா, எல்லோரும் தேடனைத்தான் வாய்விட்டுக் கேட்டார்கள். தேடன் மூன்று பெயர்கள் சொல்லும். அதோடு சரி. நான்காவது என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. 'குறட்டைக்கு என்ன வழி' என்ற கேள்விக்கு மூன்றாவது பெயராக அறிதுயில் தொற்றிக்கொண்டிருந்தது.

இன்னொரு வாசல், பரிந்துரை. தலையணை வாங்கியவரோ, வாங்க விரும்புகிறவரோ தெரிந்தவரின் போனுக்கு ஒரு சீட்டு அனுப்பலாம். அதைத் தொட்டால் கம்பெனியின் இணையப் பக்கம் திறக்கும். மற்ற தொழில்களில் சீட்டில் வருகிறவன் பாதி வாங்கிவிட்டவன். சேலைக்கடைக்காரர்களும் சமையல் காண்ட்ராக்டர்களும் இப்படி வருகிறவர்களை வைத்தே பங்களா கட்டினார்கள். தலையணைத் தொழிலில் மட்டும் சீட்டில் வருகிறவன் கோபமாக வந்தான். மனைவி அனுப்பியிருக்கிறாளே என்று ஆசையாகத் தொடுவான். 'குறட்டை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மூடிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கோபக்காரர்களை வாங்க வைப்பது தன்ஷிகாவின் வேலை. கம்பெனியின் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கட்டியவள் அவள். கால் மேல் கால் போட்டு உட்கார நேரமில்லாத, வலது காதில் எந்நேரமும் ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் பெண். முதலாளி செங்கோடன் அவளை அழைத்து, தீபாவளிக்குள் சீட்டு வாசல் தேறவில்லை என்றால் ஆபீசைப் பூட்டிவிட்டுப் பழையபடி பஞ்சு வியாபாரத்துக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போவார்கள், அவளும்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஜெரால்டு அசரீரி என்ற நிரலைக் கொண்டுவந்தான்.

ஜெரால்டு நாகர்கோவில்காரன். கம்பெனியின் கம்ப்யூட்டர் மூளை அவன்தான். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான், அதனாலேயே அவன் சொல்வதில் எது ஆபத்து என்று கண்டுபிடிக்க நேரமாகும்.

"அக்கா, சீட்டுல வர்றவன் கம்பெனி சொன்னா கேக்க மாட்டான். பெஞ்சாதி சொன்னா?"

"அவ சொல்லிக் கேக்காமத்தானேடா இங்க வந்து நிக்கிறான்?"

"அவங்க சொன்ன விதத்துல கேக்கல. எந்த விதத்துல சொன்னா கேப்பான்னு இதுக்குத் தெரியும், பாத்துக்கிடுங்க."

சீட்டு அனுப்புகிறவர் ஒரு கட்டத்தைத் தொட்டு அனுமதி கொடுப்பார். யாரும் படிக்காத கட்டம். உடனே அசரீரி அவருடைய குரலை எடுத்துக்கொள்ளும். போனில் கிடக்கும் பழைய பேச்சு, செய்தி எல்லாவற்றையும் மேய்ந்து, வரப்போகிறவனை எது அசைக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளும். அவன் பக்கத்தைத் திறந்ததும் அனுப்பியவரின் குரலில் பேசும். அவன் பதில் சொன்னால் அதையும் கேட்டு மேலே பேசும். யார் யாருக்கு அனுப்பினார், என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக் கம்பெனி ஆட்கள் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அசரீரிக்கு மட்டும் தெரியும்.

தன்ஷிகாவுக்குச் சட்டத்தைவிடத் தேடன்தான் பயம். தேடனிடம் ஒரே ஒரு விதி. என் ஆளுக்கு என்ன பக்கத்தைக் காட்டுகிறாயோ அதையேதான் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதைச் சோதிக்க ஓயாமல் ஒற்றர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒற்றன் என்றால் மனிதன் இல்லை, மனிதன் மாதிரி நடிக்கும் நிரல். அவனுக்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், இரண்டு பிள்ளைகளும் லேசான சர்க்கரையும்கூட இருக்கும். ஒற்றனுக்கு ஒரு முகம், ஜனங்களுக்கு ஒரு முகம் என்று பிடிபட்டால் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடன் உச்சரிக்கவே செய்யாது. தொழிலில் அதை வனவாசம் என்பார்கள். ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி அப்படிப் போனவர்தான். விற்காத மெத்தைகள் மேல் மாறி மாறிப் படுத்துப் பொழுதைப் போக்குவதாகக் கேள்வி.

ஒற்றனையும் மனிதனையும் எப்படிப் பிரிப்பாய் என்று அவள் கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஜெரால்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தயக்கத்தை வச்சு. பக்கம் திறந்ததும் 'உங்களை அனுப்பியவர் இன்னார்'னு ஒரு வரி. ஒற்றன் படிச்சுட்டு நேரா கீழ போவான். மனுஷன் பெஞ்சாதி பேரைப் பாத்ததும் விரல் நின்னுரும். மூணு செகண்டு. என்னத்துக்கு அனுப்பியிருக்கா, நேத்து நடந்ததுக்கா, முந்தாநாள் நடந்ததுக்கான்னு யோசிப்பான். அந்த மூணு செகண்டு நின்னாத்தான் அசரீரி வாயைத் திறக்கும். தயங்கத் தெரிஞ்ச மிஷின் இன்னும் பொறக்கல, அக்கா."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. அன்றே முதல் சீட்டைத் தன் குரலில் தயார் செய்தாள். கம்பெனிக்காரர்களின் போன்களைப் பக்கம் கணக்கில் எடுக்காது, அதனால் சோதனைக்கு வெளியாள் நம்பர் ஒன்று வேண்டியிருந்தது. விரலுக்கு அகப்பட்ட முதல் நம்பரைப் போட்டு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னதும் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

இரண்டு வாரத்தில் கணபதி ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மூன்று முறை பக்கத்தை மூடிவிட்டு ஓடிய ஆண்கள் நான்காம் முறை மனைவியின் குரல் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே தலையணை வாங்கினார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒருவர் மாமனாருக்கும் சேர்த்து வாங்கினார். தேடனும் இதைக் கவனித்து, இத்தனை பேர் விரும்புகிற கம்பெனியா என்று இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிட்டது. செங்கோடன் மைசூர்பாகுப் பெட்டியோடு மேசை மேசையாக வந்தார். தன்ஷிகாவிடம் மட்டும் இரண்டு துண்டு கொடுத்து, ஒன்றை வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொன்னார்.

அவள் இரண்டையும் தானே தின்றுவிட்டாள். வீட்டுக்காரரைப் பார்ப்பதே அபூர்வம். பிரணவ் விவசாயிகளுக்கு மழை சொல்லும் வானிலை அலுவலகத்தில் இருந்தான். கோழி கூவும் முன்னே போய்விட்டு மதியம் திரும்புவான். அவள் இருட்டிய பிறகு வருவாள். அதற்குள் அவன் தூங்கியிருப்பான். தூக்கமென்றால் சும்மா இல்லை. சுமை ஏற்றிய ஆட்டோ பாலம் ஏறுகிற மாதிரி உறுமி, உச்சியில் சட்டென்று நின்று, பிறகு ஒரு சின்ன விசிலோடு இறங்கும் குறட்டை. கல்யாணமான புதிதில் ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு எதற்கு என்று அப்பாவுக்கு அனுப்பிவிட்டான். அவள் கூடத்தில் படுக்க ஆரம்பித்தாள். இந்த ஒரு வேலை முடியும் வரைக்கும் என்று சொல்லித்தான் போனாள். வேலைகள் வந்துகொண்டே இருந்தன.

மைசூர்பாகு தீர்வதற்குள் ஜெரால்டு ஒரு நாள் சிரிக்காமல் வந்தான்.

பக்கத்துக்கு ஒருத்தன் வருகிறான். தினமும் மதியம். திறந்ததும் சரியாகத் தயங்குகிறான். அசரீரி பேசுவதைக் கடைசி வரை கேட்கிறான். அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம் இருக்கிறான். வாங்குவதில்லை, திட்டுவதில்லை. மறுநாள் மறுபடி வருகிறான்.

"மனுஷன்னா ஒண்ணு வாங்குவான், இல்லைன்னா ஓடுவான். தினம் வந்து உக்காந்து கேட்டுட்டுப் போறவன் யாரு? ஆராய வந்தவன். தயங்கக் கத்துக்கிட்டான், அக்கா."

செங்கோடனுக்கு விஷயம் போனது. மைசூர்பாகுப் பெட்டி பீரோவுக்குள் போனது. அவனை உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்டார். சாத்தினால் நாம் பயந்துவிட்டோம் என்று ஒற்றனுக்கு உறுதியாகிவிடும் என்றான் ஜெரால்டு. பேசாமல் இருந்தால் வந்துகொண்டே இருப்பான், ஒரு நாள் எழுதி அனுப்பிவிடுவான். தன்ஷிகா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிய பக்கம், பதினெட்டுப் பேர், எல்லாம் முகமில்லாத ஒருவனின் மதிய நேர மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலையில் பவானியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்.

பெயர் லோகாம்பாள். ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறவர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து பஸ் ஏறியிருந்தார். கத்தவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு தன் வீட்டுக்காரருக்கு இந்தக் கம்பெனி என்ன சொல்லிற்று என்று கேட்டார்.

அவர் கணவர் பொங்கியண்ணனுக்குப் பாத்திரக்கடை. மனைவி அனுப்பிய சீட்டைத் தொட்டுக் கேட்டவர், மறுபேச்சில்லாமல் இரண்டு தலையணை வாங்கினார். இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே, அண்டாக்களுக்கு நடுவில் படுக்கிறார். வீட்டுக்கு வருவதில்லை. ஏனென்று கேட்டால் 'நீ நல்லாத் தூங்கு' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த இரண்டு தலையணையும் கம்பெனியின் கணக்கில் பெரிய வெற்றியாகப் பதிவாகியிருந்தது தன்ஷிகாவுக்கு நினைவு வந்தது.

தன் குரலில் என்ன சொல்லப்பட்டது என்று கேட்க அனுப்பியவருக்கு உரிமை உண்டு. லோகாம்பாள் கட்டைவிரலை வைத்தார். அறையில் அவருடைய குரலே பேசியது.

"மாமா, ராத்திரி உங்க மூச்சு நின்னு நின்னு வருது. அடுத்த மூச்சு வருமா வராதான்னு முழிச்சே கெடக்கறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் போய்ச் சேந்தாத்தான் எனக்குத் தூக்கம்."

லோகாம்பாள் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"நாஞ் சொன்னதுதாங் கண்ணு. இல்லைங்கல. என்ற தங்கச்சிகிட்டப் போன்ல சொன்னேன். ஆனா சிரிச்சுட்டே சொன்னேன். அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்பை எங்க போட்டீங்க?"

ஜெரால்டு தரையைப் பார்த்தான். ஒலிக்கு ஒலி அசல்தான் என்று அவன் பெருமைப்பட்ட குரல் அது. சிரிப்பு விற்பனைக்கு உதவாது என்று அசரீரி கழித்திருக்க வேண்டும்.

"மாமான்னு கூப்பிட்டு எத்தனையோ வருசமாச்சு. மக சடங்கானப்பவே விட்டுட்டேன். அதை வேற இது கூப்பிட்டிருக்குது" என்றார் லோகாம்பாள். "மூச்சு விசயத்தை நானே ஒரு நா அவர்கிட்டச் சொல்லியிருக்கோணும். தப்புத்தான். ஆனா நாஞ் சொல்லியிருந்தா நடுவுல ஒரு காப்பி குடுத்திருப்பேன்."

அவர் பணம் திரும்பக் கேட்கவில்லை. அது நானில்லை என்று அவருக்குப் புரிகிற மாதிரி உங்கள் பக்கமே சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டார் என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி வரவேற்பறையில் போய் உட்கார்ந்தார்.

சின்ன வேண்டுகோள்தான். ஆனால் பக்கம் அப்படிச் சொன்னால் அசரீரி இருப்பதை ஒப்புக்கொண்ட மாதிரி. தினமும் மதியம் வருகிறவன் அன்றைக்கும் வருவான். கேட்பான். வனவாசம்.

செங்கோடன் கதவைச் சாத்தச் சொன்னார். பவானிக்கே ஆளை அனுப்பி அந்த மனிதரிடம் நேரில் பேசிவிடலாமே என்றார். தன்ஷிகா, பவானிக்கு ஒருவர் போகலாம், மற்ற ஊர்களுக்கு யார் போவது என்று கேட்டாள். இன்னும் எத்தனை பாத்திரக்கடைகளில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ, அவர்கள் எல்லோரும் நமது வெற்றிக் கணக்கில்தானே இருக்கிறார்கள் என்றாள். செங்கோடன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"அம்மிணி, நீ சொல்றது நெசந்தான். ஆனா அந்த ஒற்றன் ஒருத்தன் உக்காந்திருக்கானே. அவனுக்கு என்ன வழி?"

அதற்குத்தான் ஒரு செய்தி இருக்கிறது என்று ஜெரால்டு இருமினான். ஒற்றனைப் பற்றி இரண்டு விஷயம் புதிதாகக் கிடைத்திருந்தது. ஒன்று, விற்பனைக் கணக்கில் தெரிந்த வரை அசரீரி அவனிடம் தலையணைப் பேச்சே எடுப்பதில்லை. ஆரம்பத்தில் எடுத்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டான், அதனால் விட்டுவிட்டது. அவன் உட்கார்ந்திருக்க எதைப் பேச வேண்டுமோ அதை மட்டும் பேசுகிறது. எதைப் பேசுகிறது என்று பார்க்கத்தான் சட்டம் இடம் தரவில்லை.

"ரெண்டாவது, இது. பேச்சை நாம கேக்கக் கூடாது, குறட்டையைக் கேக்கலாம்லா. தலையணை அளவுக்காக நாம வழக்கமா வாங்குற குறட்டைச் சாம்பிள்தானே. நேத்து பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கிட்டான். இல்ல, தூங்குற மாதிரி நடிச்சிருக்கான். கேளுங்க முதலாளி. தேடன்காரன் எவ்வளவு தூரம் போயிருக்கான்னு கேளுங்க."

அவன் பொத்தானைத் தட்டினான்.

சுமை ஏற்றிய ஆட்டோ ஒன்று பாலம் ஏறியது. உச்சிக்குப் போனதும் சட்டென்று நின்றது. பிறகு ஒரு சின்ன விசிலோடு இறங்கியது.

செங்கோடன் வாயைப் பிளந்து கேட்டார். தலையணை விற்க வந்த நாளிலிருந்து இப்படி ஒரு தத்ரூபமான குறட்டையைக் கேட்டதில்லை, நம்ம ஊர் மனிதன் மாதிரியே விடுகிறானே என்று தேடனை மனதாரப் பாராட்டினார். இந்த அளவுக்குச் செலவு செய்கிறவர்களை நாம் எப்படி ஜெயிப்பது என்றும் கேட்டார்.

தன்ஷிகா மறுபடி ஒரு முறை போடச் சொன்னாள். ஆட்டோ மறுபடி பாலம் ஏறியது.

காதில் ஓடிக்கொண்டிருந்த அழைப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள்.

"இது ஒற்றன் இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க அக்கா?"

"எனக்குத் தெரியும்."

ஜெரால்டு அவள் முகத்தைப் பார்த்தான். மூளைக்காரன், ஏதோ புரிந்திருக்க வேண்டும். வெளியாள் நம்பர் என்று ஒன்று கேட்டோமே என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, திரையைத் துடைக்கத் தொடங்கினான்.

கம்பெனிக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். அசரீரியை அன்றே நிறுத்தினார்கள். ஒற்றன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் நிறுத்த வேண்டும் என்று செங்கோடன் கேட்காமல் இல்லை. வரவேற்பறையில் நாடாவோடு உட்கார்ந்திருந்தவரைத் தன்ஷிகா கண்ணாடி வழியாகக் காட்டினாள். செங்கோடன் ஒரு பெருமூச்சு விட்டு, சரி போ என்றார். பக்கத்தின் உச்சியில் ஒரு அறிவிப்பு போட்டார்கள்: இத்தனை நாள் இங்கே உங்கள் வீட்டாரின் குரலில் பேசியது எங்கள் இயந்திரம், அவர்கள் இல்லை, சந்தேகம் இருந்தால் அவர்களையே கேளுங்கள். அதற்குக் கீழே ஒரு புது வசதி. சீட்டு அனுப்புகிறவர் விரும்பினால் தானே, தன் வாயால், நான்கு வார்த்தை பேசி வைக்கலாம். இயந்திரம் கை வைக்காது. வருகிறவன் மனிதனானாலும் ஒற்றனானாலும் அதே பக்கம், அதே குரல்.

முதலில் பேசியவர் லோகாம்பாள். பக்கம் இனி எல்லோருக்கும் ஒன்றுதான், ஊரே கேட்கும் என்று சொன்னார்கள், கேக்கட்டும் என்றார். "ஏனுங்க, நாந்தானுங்க நெசமாவே பேசறேன். அன்னிக்குப் பேசுனது நானில்ல. சத்தமில்லாம எனக்குத் தூக்கம் வரல. வீட்டுக்கு வாங்க, சண்டை போடலாம்." சனிக்கிழமை பொங்கியண்ணன் இரண்டு தலையணையோடு வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தகவல். ஒன்றை லோகாம்பாள் தையல் நாற்காலிக்குப் போட்டுக்கொண்டார்.

விற்பனை அசரீரி காலத்து உயரத்துக்குப் போகவில்லை. ஆனால் பழைய பள்ளத்துக்கும் போகவில்லை. பெண்கள் சொந்தக் குரலில் திட்டினார்கள், கெஞ்சினார்கள், ஒருத்தி பாட்டே பாடினாள். திட்டு வாங்கியவன்கூட அது நிஜத் திட்டு என்று தெரிந்ததால் நின்று கேட்டான். உண்மையான ஒற்றன் நடுவில் வந்தானா, வந்திருந்தால் எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. தேடன் மட்டும் இரண்டாவது பெயராக அறிதுயிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குச் செங்கோடன் பஞ்சு வியாபாரத்துக்குப் போகவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. குறட்டையைக் கேட்ட அந்த மதியம், அசரீரியை எல்லோருக்கும் நிறுத்தும்படியும், ஒரே ஒரு சீட்டை மட்டும் தான் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை விட்டு வைக்கும்படியும் ஜெரால்டிடம் சொல்லிவிட்டு, தன்ஷிகா ஆபீசிலிருந்து கிளம்பினாள். வேலை நாளில் வெயிலில் வீடு திரும்புவது எப்போது கடைசியாக நடந்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை. தெருவில் இளநீர்க்காரர் அவளைப் புதிதாகக் குடிவந்தவள் என்று நினைத்து, தண்ணீர் வசதி எப்படியம்மா என்று விசாரித்தார்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே அவளுடைய குரல் கேட்டது.

"சாப்பிட்டியா? சரி, அப்புறம் என்னாச்சு? அந்தத் தக்காளிக்காரர் என்ன சொன்னாரு?"

பிரணவ் சாப்பாட்டு மேசையில் இருந்தான். தட்டில் எலுமிச்சைச் சாதம். எதிரே தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போன். தான் மழை வராது என்று சொல்லி, அது வந்து, கிணத்துக்கடவில் ஒருவருடைய தக்காளி முழுக்க நனைந்து, அவர் போன் செய்து திட்டாமல் அழுததை அவன் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று கேட்டாள். அந்த அலுவலகத்தில் மனிதர்கள் அழுவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

"அய்யோ பாவம்" என்றது போன், அவள் குரலில். "உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கையில் சோற்றோடு அப்படியே இருந்தான். திருட்டுத்தனம் பிடிபட்டவன் மாதிரியும், திருடு கொடுத்தவன் மாதிரியும் ஒரே நேரத்தில் ஒரு முகம்.

"நீதான் அனுப்பின" என்றான். "ஒண்ணும் சொல்லாம ஒரு சீட்டு. திறந்தா நீ பேசற. முதல் நாள் நிஜமாவே நீதான்னு நினைச்சேன்."

"எப்போ இல்லைன்னு தெரிஞ்சுது?"

"ரெண்டு நிமிஷத்துல."

"எப்படி?"

"நடுவுல ஒரு தடவைகூட 'இரு, கால் வருது'ன்னு சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன், அறையில் இன்னொருவர் இருப்பது தெரியாமல், சொல்லு பிரணவ், கேட்டுட்டுத்தான் இருக்கேன் என்றது. நல்ல குரல். அவசரமே இல்லாத குரல். தனக்கு அப்படி ஒரு குரல் இருந்தது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அவள் தன் போனில் ஜெரால்டுக்கு ஒரு வார்த்தை அனுப்பினாள். ஜாடியில் சாய்ந்திருந்த திரை இருண்டது. பிரணவின் கை தன்னையறியாமல் அதை நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. அதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

தன் போனையும் அணைத்துக் காலணி அலமாரி மேல் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு வாய் எலுமிச்சைச் சாதம் எடுத்துப் போட்டுக்கொண்டாள். உப்புக் குறைவு. சொல்லவில்லை.

"தக்காளிக்காரர் அழுதாரு" என்றாள். "உனக்கு எப்படி இருந்துச்சு?"

பிரணவ் அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். அவள் காதைப் பார்த்தான். காதில் ஒன்றும் இல்லை. மறுபடி அவளைப் பார்த்தான். விரல்கள் தட்டின் ஓரத்தில் அப்படியே நின்றன.

மூன்று செகண்டு. அதற்கு மேலும் போனது.

அந்தத் தயக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் எதுவும் பேசாமல் காத்திருந்தாள்.